முன்வரிசையில் இசக்கி

பிள்ளைப்பாக்கத்தில் இசக்கிமுத்து வீட்டு ஹாலில் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி இருக்கிறது. தூசி படக்கூடாதென்று அதன்மேல் பழைய சேலை ஒன்றைப் போர்த்தி வைத்திருக்கிறார்கள். லீவில் நான் ஊருக்கு வந்ததிலிருந்து அந்த வீட்டில் பலமுறை சாப்பிட்டாயிற்று. சேலையை விலக்கி ஒருநாளும் பார்க்கவில்லை. இசக்கி ஒரு மூலையில் செல்போனில் கிரிக்கெட் பார்க்கிறான். அவன் பையன் இன்னொரு மூலையில் யாரையோ சுட்டுக்கொண்டிருக்கிறான். இசக்கியின் மனைவி மாரிச்செல்விக்கு அரசியல்.

போன ஞாயிற்றுக்கிழமை மாரிச்செல்வி மீன் வறுத்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து தன் போனை என்னிடம் நீட்டினாள்.

“அண்ணே, நீங்க வெளிநாட்டுல மெஷினோட மெஷினா இருக்கிய. இதப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

வீடியோவில் ஒரகடம் பக்கம் ஏதோ ஒரு கம்பெனி வாசல். மேடையில் ஒரு தலைவர் பேசுகிறார். கீழே கண்ணுக்கு எட்டின மட்டும் யூனிஃபார்ம் போட்ட தொழிலாளர்கள் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். எந்தத் தலைவர் என்று சொல்லமாட்டேன், எனக்கு லீவு முடிந்து நல்லபடியாக விமானம் ஏற வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்று நான் கேட்பதற்குள் குக்கர் விசிலடித்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

வெளிநாட்டில் இருப்பவன் எல்லாவற்றுக்கும் கருத்து வைத்திருக்க வேண்டும் என்பது நம் ஊர் எதிர்பார்ப்பு. என்னிடம் நிறையவே இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆளில்லை. நான் தொண்டையைச் செருமினாலே என் மனைவிக்குத் துணி காயப்போடுகிற ஞாபகம் வந்துவிடும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

செக் நாட்டில் ஒரு கார் தொழிற்சாலையில் ரோபோக்களுக்கு வைத்தியம் பார்ப்பது என் வேலை. அங்கே வீட்டில் டிவி வைத்திருப்பவன் பொதுத் தொலைக்காட்சிக்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். பார்க்கிறவன் காசில் நடந்தால்தான் டிவிக்காரன் மந்திரிக்கும் பயப்படமாட்டான், முதலாளிக்கும் பயப்படமாட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரர் விளக்கினார். நல்ல கொள்கைதான். ஆனால் எனக்குத் தெரிந்த செக் மொழி வணக்கம், பீர், மெஷின் நின்றுவிட்டது என்பதோடு முடிந்துவிடும். இதெல்லாம் செய்தியில் வருவதில்லை. இருந்தாலும் பார்ப்பேன். ஒருமுறை தேர்தல் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சவுண்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து ரிமோட்டைத் தொடையில் இரண்டு தட்டு தட்டினேன்.

ரிமோட்டைத் தொடையில் தட்டும் பழக்கம் எனக்கு ஏகாம்பரம் அண்ணனிடமிருந்து வந்தது. நான் வெளிநாடு போவதற்கு முன் பிள்ளைப்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த அறைகளின் சொந்தக்காரர் அவர். நிலத்தில் பாதியை விற்று, மாடியில் வரிசையாக அறைகள் கட்டி, கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கீழே அவர் வீட்டுக் கூடத்தில் கேபிள் டிவி. பாலிதீன் பை சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட அந்த ரிமோட் அவர் கையை விட்டு நகராது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கூடத்தில்தான். எண்ணெய் நாற்றமும் சாக்ஸ் நாற்றமும் தாங்காமல் அவர் சாம்பிராணி போடுவார். இன்றைக்கும் எங்காவது சாம்பிராணி வாசனை வந்தால் எனக்குச் சாமி ஞாபகம் வருவதில்லை, ஏழு மணிச் செய்திதான் ஞாபகம் வருகிறது.

எனக்குச் சொந்த ஊர் மணிமங்கலம். அங்கிருந்து தினமும் வேலைக்குப் போய்வரலாம். பஸ் கிடைக்கவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு அறையில் தங்குவேன். உண்மைக் காரணம், எங்கள் வீட்டில் கேபிள் இல்லை.

என் அறைத்தோழன்தான் இசக்கிமுத்து. தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், ஒல்லி, எதற்கும் சீக்கிரம் பயப்படுவான். கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் நாங்கள் ஒரே லைனில் வேலை பார்த்தோம். நான் பெர்மனன்ட், அவன் டிரெய்னி. எங்கள் கம்பெனியில் ஆளின் நிலவரத்தைச் சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பெர்மனன்டுக்கு நீலம், டிரெய்னிக்குச் சாம்பல். ஒரகடம் ஷேர் ஆட்டோவில் இடம் விடுவதுகூட இந்த நிறத்தைப் பார்த்துத்தான்.

கல்யாணத்துக்கும் இதைத்தான் பார்த்தார்கள். இசக்கிக்கு அவன் ஊர்ப்பக்கம் ஒரு பெண் பேசினார்கள். பெண்ணின் தாய்மாமன் கொஞ்ச காலம் ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்த்தவர். “நீலச் சட்டைன்னா பெர்மனன்ட்டு, கண்ண மூடிட்டுக் குடுக்கலாம்” என்று சொல்லிவைத்துவிட்டார். போட்டோ கேட்டார்கள். இசக்கி என் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு படப்பை ஸ்டூடியோவில் நின்றான். அப்போதே என் சட்டைக்குள் அவனைப்போல இரண்டு பேர் நிற்கலாம். பின்னால் துணி கிளிப் மாட்டி இழுத்துப் பிடித்தவன் நான்தான். நிச்சயமும் ஆகிவிட்டது. கல்யாணத்துக்குள் கம்பெனி தன்னைப் பெர்மனன்ட் ஆக்கிவிடும், பொய் தானாக மெய்யாகிவிடும் என்பது அவன் கணக்கு.

கம்பெனி வேறு கணக்குப் போட்டது. பயிற்சி முடிந்தவர்களைப் பெர்மனன்ட் ஆக்காமல் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றது. டிரெய்னிகள் எல்லோரும் கேட்டுக்கு எதிரே ரோட்டோரம் சாம்பல் சட்டையோடு உட்கார்ந்துவிட்டார்கள். இசக்கியும் உட்கார்ந்தான். வேறு வழியில்லை.

மற்றவர்களுக்கு டிவியில் வரவேண்டும் என்று ஆசை. டிவியில் வந்தால்தான் கலெக்டர் காதுக்கே போகும் என்றிருந்த காலம். இசக்கிக்கு மட்டும் வந்துவிடக்கூடாது. வந்தால் சாம்பல் சட்டை தெரியும், கல்யாணம் நின்றுபோகும். யோசித்து அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். பெண் வீட்டில் இருந்தது அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்த கலர் டிவி. கேபிள் கிடையாது, கம்பியில் ஆண்டெனா. அதில் அரசாங்கச் சேனல் மட்டும்தான் வரும். ஆக, தனியார் சேனல் கேமரா வந்தால் பயமில்லை, முன்னால் போய் நின்று கோஷம் போடலாம். அரசாங்க டிவி வந்தால் மட்டும் குனிந்து ஷூ லேஸ் கட்டிவிட வேண்டும்.

ஒவ்வொரு கேமராக்காரரிடமும் எந்தச் சேனல் என்று விசாரித்துவிட்டுத்தான் கோஷம் போட்டான். அரசாங்க டிவி வரவேயில்லை. அதற்கும் அவனிடம் ஒரு விளக்கம் இருந்தது.

“அண்ணே, அவுக ஸ்டிரைக்க என்னைக்குக் காட்டிருக்காக? அணை தொறந்தாக் காட்டுவாக, கண்காட்சி தொறந்தாக் காட்டுவாக. இதக் காட்டவே மாட்டாக.”

பொதுத் தொலைக்காட்சியின் மீது இவ்வளவு நம்பிக்கை வைத்த ஒரு மனிதனை நான் செக் நாட்டில்கூடப் பார்க்கவில்லை.

பிறகு ஒருநாள் எதிர்ப்பக்கம் புதிதாகக் கட்டியிருந்த கம்பெனியைத் திறந்து வைக்க மந்திரி வந்தார். பந்தல், வாழைமரம், பேண்டு வாத்தியம். அரசாங்க டிவியின் வண்டியும் வந்தது. விழா முடிந்து கிளம்பும்போது கேமராக்காரர் ரோட்டைக் கடந்து வந்து, வரிசையாக உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்களை நிதானமாகப் படம் எடுத்தார். நல்ல வெயில். கோஷம் போடத் தெம்பில்லாமல் எல்லோரும் எதிரே பார்த்தபடி பேசாமல் இருந்தார்கள். முன்வரிசையில் இசக்கி. யார் என்று விசாரித்தான், அரசாங்க டிவி என்றார்கள். இதெல்லாம் எங்கே காட்டப்போகிறார்கள் என்று லேஸ் கட்டக்கூட அவன் குனியவில்லை. கேமராவை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

அன்று சாயங்காலம் ஏகாம்பரம் அண்ணன் கூடத்தில் ஒரே கூட்டம். தனியார் சேனல்கள் எதிலும் எங்கள் ஆட்கள் வரவில்லை. எதற்கும் அரசாங்கச் சேனலையும் பார்த்துவிடலாம் என்று இசக்கி சொன்னான். அண்ணன் ரிமோட்டைத் தொடையில் தட்டி மாற்றினார். மந்திரி ரிப்பன் வெட்டினார். வேலைவாய்ப்பு பெருகும் என்று பேசினார். உடனே பலத்த கைதட்டல் சத்தம். திரையில் வரிசை வரிசையாக எங்கள் டிரெய்னிகள். முன்வரிசையில், லேசாக வாயைத் திறந்தபடி, இசக்கி.

கூடத்தில் எல்லோரும் திரும்பி இசக்கியைப் பார்த்தார்கள்.

“இன்னாபா இசக்கி,” என்றார் ஏகாம்பரம் அண்ணன். “காலைல ஸ்டிரைக்குன்னு சொல்லிகினு போன. இங்க பாத்தா மந்திரி விழாவுல குந்திகினு கீற?”

சிரிப்பு அடங்குவதற்குள் இசக்கியின் போன் அடித்தது. பெண்ணின் அப்பா. போன் அவன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, எடுத்துக் கொடுத்தேன். ஆனால் அவர் சட்டை நிறத்தைக் கவனித்தவராகவே தெரியவில்லை. மந்திரிக்கு எதிரிலேயே மாப்பிள்ளைக்கு இடம் போட்டிருக்கிறார்கள் என்று ஒரே பெருமை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டாராம். போனை வைத்த பிறகு இசக்கி மாடிப்படியில் உட்கார்ந்து, தப்பித்துவிட்டேன், அரசாங்க டிவி நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அரசாங்கத்துக்கு அவ்வளவு மனதார யாரும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் பெண் பேசினாள், தம்பியின் போனிலிருந்து. இசக்கி வைத்திருந்த பட்டன் போனில் யார் ரகசியம் பேசினாலும் அறை முழுக்கக் கேட்கும். நான் வெளியே போயிருக்க வேண்டும். பல் தேய்க்கிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

“நேத்து டிவில கைதட்டுத சத்தம் கேட்டுச்சு,” என்றாள். “ஒருத்தர் கையும் அசையலயே.”

இசக்கி போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினான்.

“எல்லாரும் மடியில கைய வச்சுட்டு உக்காந்திருந்திய. யாரு மொகத்துலயும் விழாக் களை இல்ல. சட்டை வேற சாம்பலா இருந்துச்சு. அங்க எதுக்கு உக்காந்திருந்திய?”

இசக்கி என்னைப் பார்த்தான். பேஸ்ட் நுரையை வைத்துக்கொண்டு நான் என்ன யோசனை சொல்ல முடியும். அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். டிரெய்னி என்பதை, வேலை போனதை, ரோட்டோரத்தில் உட்கார்ந்திருப்பதை. கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது என்றே நான் நினைத்தேன்.

“அப்பம், போட்டோல போட்டுருந்த நீலச் சட்டை?”

“அது இந்த அண்ணன் சட்டை.”

“நெனச்சேன். அதுக்குள்ள ஒரு குடும்பமே இருக்கலாம் போல இருந்துச்சு.” பிறகு, “அப்பாட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிரும். நீங்க சொன்னா நான் கூட நின்னு பேசுவேன்” என்றாள்.

அவன் சொன்னான். அவர் கோபப்பட்டார், ஒரு வாரம் போனை எடுக்கவில்லை. வீட்டுக்குள் அவள் நின்று பேசினாள். அதோடு, மந்திரி விழா மாப்பிள்ளை என்று தெரு முழுக்கச் சொன்னதைத் திரும்ப வாங்க அவருக்கும் வழியில்லை. கல்யாணம் நடந்தது. கேட்டுக்கு எதிரே உட்கார்ந்தவர்களில் சிலரைக் கம்பெனி திரும்ப எடுத்தது, இசக்கியை எடுக்கவில்லை. வேறொரு கம்பெனியில் முதலிலிருந்து டிரெய்னியாகச் சேர்ந்து பெர்மனன்ட் ஆவதற்குள் அவன் பையன் நடக்க ஆரம்பித்துவிட்டான். அந்தப் பெண்தான் இப்போது உள்ளே சோறு வடித்துக்கொண்டிருக்கும் மாரிச்செல்வி.

ஏகாம்பரம் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கூடத்தில் ஒரு செல்போன் கடை வந்திருக்கிறது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே பொய்யைப் பார்த்து ஒன்றாகச் சிரித்த இடம் அது. இப்போது அவரவருக்குத் தோதானது அவரவர் கைக்கே வந்துவிடுகிறது.

மாரிச்செல்வி சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பாத்தியளா? சத்தமும் வருது, கையும் அசையுது. ஆனா கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு ஒரு குரூப்ல போட்டுருக்காவ. நெசமான கூட்டம்னு இன்னொரு குரூப்ல சண்டை போடுதாவ. எதுண்ணே நெசம்?”

திரும்பவும் ஓடவிட்டுப் பார்த்தேன். கைகள் சரியாகத்தான் சேர்ந்தன. கம்ப்யூட்டர் செய்த படமென்றால் விரல் கணக்குத் தப்பும் என்பார்கள்; விரல்களை எண்ணினேன், சரியாக இருந்தன. ரோபோவின் கை மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிப்பவன் என்று எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். தெரியவில்லை என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் படத்தை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கி, முன்வரிசையை ஒவ்வொரு முகமாக நகர்த்திப் பார்த்துக்கொண்டே போனாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன்.

“தெரிஞ்ச ஆளு ஒருத்தராவது இருந்தா போன் போட்டுக் கேட்டுரலாம்லா” என்றாள்.

வரிசை முடிகிறவரைக்கும் தேடினாள். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.