பிரிக்பீல்ட்ஸில் விளக்குத் தேவைப்படாத வீடு

வெள்ளிக்கிழமை காலை ஈப்போவிலிருந்து தலைநகருக்கு ரயில் ஏறினோம். இருநூறு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். நான், கணவர் குமரன், எட்டு வயது மகள் மீரா, ஐந்து வயது மகன் கவின். பள்ளி விடுமுறை என்றால் தண்ணீர்ப் பூங்காவில் காசைக் கரைப்பதுதான் எங்கள் வழக்கம். இந்த முறை குடும்பமாகப் போய் ஏதாவது தொண்டு செய்யலாம் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் பத்துப் பேர் சேர்ந்து வாழும் விடுதி ஒன்று. அவர்களுக்காகத் தமிழ்க் கதைகளை வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்து தர வேண்டும். மூன்று நாள் வேலை. உட்கார்ந்த இடத்தில் செய்வதுதானே என்று குமரனும் தலையாட்டினார்.

கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து விடுதி நடக்கிற தூரம். ரோட்டோரம் வாழைப்பழத்தை மாவில் தோய்த்து பீசாங் கோரேங் பொரித்துக்கொண்டிருந்தவரிடம் வழி கேட்டேன்.

"அந்த ஹாஸ்டலா அக்கா? நேரா போயி லெஃப்ட்லா. பெல் அடிக்க வேணாம், கேட்ட தொட்டாலே அவங்களுக்குத் தெரிஞ்சிரும்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கேட்டில் கை வைத்ததும் உள்ளிருந்து ஒரு குரல், "நாலு பேரா வந்திருக்கீங்க? ரெண்டு சின்னது" என்றது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். குரலுக்குரியவர் சூசை அங்கிள். டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், விடுதியை நடத்துபவர். அவருக்கும் பார்வை கிடையாது.

பகலிலும் மங்கலான வீடு. சுவரில் ஒரு படம் கிடையாது, கண்ணாடி கிடையாது. ஹாலில் ஒரே ஒரு குழல்விளக்கு, அதுவும் எங்களைப் போல வருகிறவர்களுக்காக. கடிகாரங்கள் மட்டும் அறைக்கு ஒன்று. மணிக்கு மணி ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் நேரம் சொல்லும். ஒன்று சொல்லி முடித்ததும் அடுத்த அறையில் அதே குரல், பிறகு மாடியில் அதே குரல். மீரா முதல் நாள் முழுக்க என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள்.

கவினுக்குப் பயமே இல்லை. நான் வாசிக்க, அவன் சூசை அங்கிளோடு கண்ணாமூச்சி ஆடினான். அலமாரிக்குப் பின்னால் போனான், மேசைக்கு அடியில் போனான். எங்கே போனாலும் அங்கிள் நேராக வந்து காதைப் பிடித்தார். "லோரி மாதிரி மூச்சு விடுற, எப்படிடா ஒளிவ?" என்று சிரித்தார். இரண்டாம் நாள் கவின் ஒரே ஒரு முறை ஜெயித்தான். எப்படி என்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிறு. இரவு எட்டு மணிக்குக் குமரன் மீராவை அழைத்துக்கொண்டு சாப்பாடு வாங்கக் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் பேய்மழை. ஜன்னல்களை இழுத்துச் சாத்தினார்கள். நாளெல்லாம் பதிவு செய்ததில் என் கைப்பேசி உயிரை விட்டிருந்தது. அப்போது மின்சாரமும் போனது.

"ஃபேன் நின்னிருச்சே, கரண்ட் இல்லியா?" என்றார் ரொக்கையா அக்கா. விடுதியில் தங்கி மசாஜ் நிலையத்தில் வேலை செய்பவர். கேட்டுக்கொண்டே துணி மடித்தார். அந்தக் கும்மிருட்டில் சரக் சரக்கென்று துணி மடியும் சத்தம் நிற்கவே இல்லை. பதறியது நான் ஒருத்திதான்.

"கவின்!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். வெளியே கேட் காற்றில் அடித்துக்கொண்டது. குமரன் சரியாகச் சாத்தாமல் போயிருக்கிறார். கேட்டைத் தாண்டினால் மழைநீர்க் கால்வாய். ஓடிப் போய்ப் பார்த்தேன். தண்ணீரின் இரைச்சல் மட்டும் கேட்டது. என் பிள்ளை அதில் போய்விட்டான் என்றே முடிவு கட்டிவிட்டேன். உள்ளே ஓடி வந்து கட்டில்களுக்கு அடியில் துழாவினேன், நாற்காலியில் இடித்துக்கொண்டேன், அவன் பெயரைச் சொல்லிக் கதறினேன்.

"அம்மா, கொஞ்சம் சத்தம் போடாதீங்க" என்றார் சூசை அங்கிள். "எல்லாரும் பேசாம இருங்க."

வீடு அடங்கியது. மழைக்கு நடுவே பத்துப் பேர் இருட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கே நிற்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"ஒரு மூச்சு கேக்குது, பெரிய மூச்சு" என்றது மாடிப்படிப் பக்கமிருந்து ஒரு குரல்.

"அது இவங்களோடது" என்றார் ரொக்கையா அக்கா. "வாயப் பொத்திக்கிங்க தங்கச்சி."

பொத்திக்கொண்டேன். அப்போதும் அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை போல.

"கை கோத்துக்கலாம்" என்றார் அங்கிள். ஒரு பக்கமிருந்து ஒரு கை வந்து என் கையைப் பற்றியது, இன்னொரு பக்கம் இன்னொன்று. "மாத்திர கீழ விழுந்தா நாங்க இப்படித்தான் தேடுவோம்" என்று ரொக்கையா அக்கா காதோடு சொன்னார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை வரிசையாக நின்று, காலைத் தரையோடு தேய்த்து, ஓரோர் அடியாக நகர்ந்தோம். கண்ணை மூடினாலும் திறந்தாலும் எனக்கு ஒன்றாகவே இருந்தது.

பாதி ஹால் கடந்திருப்போம். வரிசை நின்றது.

"இங்க ஒரு தல இருக்கு" என்றார் சூசை அங்கிள்.

கவின் நின்றுகொண்டிருந்தான். எதற்கும் பின்னால் இல்லை, அடியில் இல்லை. ஹாலின் திறந்த வெளியில், சுவரை ஒட்டி, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு விறைத்து நின்றான். அவனைக் கடந்துதான் நான் கேட்டுக்கு ஓடியிருக்கிறேன், கடந்துதான் திரும்பி வந்திருக்கிறேன். முந்தின நாள் இப்படி மூச்சை அடக்கி அசையாமல் நின்றுதான் அங்கிளை ஜெயித்திருக்கிறான். அவனை வாரி அணைத்தேன்.

குமரன் நனைந்துபோய் மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலங்களோடு வந்தார். விளக்கும் வந்தது. ஒன்றும் நடக்காததுபோல் எல்லோரும் சாப்பிட்டோம்.

திங்கள் காலை ரயில். பதிவு செய்த கதைகளைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். தொண்டு செய்யப் போன எனக்குத்தான் அவர்கள் செய்து அனுப்பினார்கள். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் கவினை மடியில் இழுத்து உட்காரவைத்தேன்.

"அம்மா அவ்வளவு கத்துனேனே, பக்கத்துல இருந்துக்கிட்டு ஏன்டா பேசல?"

ஜன்னல் கண்ணாடியில் விரலால் கோடு போட்டான்.

"அவங்களுக்குத்தானே கண்ணு தெரியாது? உங்களுக்கு இருட்டுலயும் தெரியும்ல" என்றான். "நீங்க என்னப் பாத்துக்கிட்டேதான் கத்துறீங்கன்னு நெனச்சேன்மா. என்னப் பாத்து ஏன் அப்படி அழுவுறீங்கன்னு பயமா இருந்துச்சு. அதான் அசையல."