அக்காவிடம் மறைத்த மயக்கம்

சங்கு குளிக்கப் போகிறவருக்குக் கயிறு பிடிக்க எங்கள் ஆட்கள் மச்சினனைத்தான் நிறுத்துவார்கள். அக்காவின் தாலி அவன் கையில் இருக்கிறதாம், கவனமாக இருப்பானாம். அப்படித்தான் பன்னிரண்டு வருஷம் என் அத்தானுக்கு நான் கயிறு பிடித்தேன். கவனமாக இருந்த லட்சணத்தைச் சொல்கிறேன்.

போன வருஷம் அத்தான் கீழே போன வேகத்திலேயே மேலே வர ஆரம்பித்தார். "காத்து பத்தலைலே" என்பார். படகில் இருக்கிற கம்ப்ரஸரிலிருந்து டியூப் வழியாகத்தான் அவருக்குக் காற்று போகும். ஃபில்டரை மாற்றினேன், டியூப்பை மாற்றினேன், பெல்ட்டையும் மாற்றினேன். அப்புறமும் அதே புகார் என்றதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அக்கா சமையல் வயித்துல கனக்குதோ அத்தான்" என்று எல்லோர் முன்னாலும் கிண்டலடித்தேன். அவரும் சிரித்துவைத்தார்.

ஒரு நாள் ஏணியில் ஏறி வந்தவர் படகுத் தட்டில் அப்படியே சாய்ந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து, "உங்க அக்காட்ட சொல்லிராத. கடலுக்கு விடமாட்டா" என்றார். சீசன் நடுவில் அவரைப் போல இன்னொருவர் எனக்கும் கிடைக்கமாட்டார். "சரி அத்தான்" என்றேன். இரண்டாவது தடவை விழுந்தபோது அவர் கேட்கவே இல்லை. நானாகவே வாயை மூடிக்கொண்டேன். அதுதான் என்னை இன்னும் தின்கிறது.

ஏழு மாசம் கழித்து, கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிற நிலையில் அக்காதான் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். நானும் போனேன். எக்கோ எடுத்த டாக்டரம்மா தாளில் படம் போட்டுக் காட்டினார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வால்வு குறுகிவிட்டது. அந்தச் சின்ன வாசல் வழியே தள்ளித் தள்ளித் தசை தடித்து, இப்போது ஓய்ந்தும் போய்விட்டது. கம்ப்ரஸரில் வால்வு அடைத்தால் மோட்டார் திணறும். அதைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவன் நான்.

"இதுக்கு முன்னால மயங்கி விழுந்திருக்காரா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்ல டாக்டர்" என்றாள் அக்கா, சந்தேகமே இல்லாமல். அத்தான் தரையைப் பார்த்தார்.

"விழுந்தாரு. ரெண்டு தடவ. படகுல" என்றேன்.

"எப்பம்?" என்றாள் அக்கா. சொன்னேன்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டே, "அப்பவே வந்திருந்தா தசை இவ்வளவு கெட்டிருக்காது. இப்ப ஆபரேஷன்ல ஆபத்து கூடுதல். ஆனா செய்யாம விடவும் முடியாது" என்றார்.

வால்வை மாற்றினார்கள். அத்தான் பிழைத்துவிட்டார். இதயத்தின் பம்பிங் கொஞ்சம்தான் தேறியிருக்கிறது, கடல் இனிமேல் கிடையாது. "நாந்தான சொல்லாதன்னேன், விடுலே" என்கிறார். அக்காவும் திட்டவில்லை. போனால் முன்போலவே மீன்குழம்பு ஊற்றிச் சோறு போடுகிறாள். திட்டியிருந்தால் தேவலை.

போன வாரம் அத்தானைச் செக்கப்புக்கு நான்தான் கூட்டிப்போய் வந்தேன். "படியேறும்போது மூச்சு வாங்குச்சா?" என்று அக்கா கேட்டாள். உண்மையிலேயே வாங்கவில்லை.

"இல்லக்கா" என்றேன்.

"சத்தியமா?" என்றாள். நான் பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் சத்தியம் கேட்டதில்லை.