வழியனுப்பும் டாக்டர்

ராஜபாளையத்தில் ஜெபாவை வயிற்று டாக்டர் என்றுதான் சொல்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்திலேயே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டே வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்ட கிருஷ்ணன்கோவில் காலேஜ் பிள்ளைகளும், டீயைக் குடித்தே நைட் ஷிப்டை ஓட்டிய மில் ஆட்களும் அவரைத் தேடி வருவார்கள்.

வெளிநாடு போகிறவர்களுக்கும் அவரே டாக்டரானது பிறகு நடந்தது. ஆப்பிரிக்காவில் யாராவது நூல் மில் தொடங்கினால் மிஷின் பூட்ட இந்த ஊர் ஃபிட்டர்களைக் கூப்பிடுவதுண்டு. அப்படிப் போய்த் திரும்பிய ஒருவர் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக வந்து படுத்தார். வேறு இடத்தில் டைபாய்டு என்று ஊசி போட்டும் கேட்கவில்லை. "எந்த ஊருக்குப் போயிட்டு வந்தீங்க?" என்று ஜெபா கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. ரத்தத்தைச் சோதித்தால் ஆளையே கொல்லும் வகை மலேரியா. அவர் பிழைத்துக்கொண்டார். ஜெபா அதன்பிறகு பயண மருத்துவம் தனியாகப் படித்தார். விசா கைக்கு வந்தால் முதலில் ஜெபா டாக்டரைப் பார்ப்பது என்று ஊரில் ஒரு வழக்கமே உண்டாயிற்று.

அவருடைய கணவர் விமல் மில் இன்ஜினியர். போன வருஷம் தான்சானியாவில் ஒரு மில் வேலைக்குக் கிளம்பினார். கூடவே, அவரை அண்ணன் என்று கூப்பிடும் ஃபிட்டர் வேல்பாண்டியும் போனான். இருவருக்கும் மலேரியா தடுப்பு மாத்திரையை ஜெபாதான் எடுத்துக் கொடுத்தார். தினம் ஒன்று, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, நிறையத் தண்ணீரோடு. போட்டவுடன் படுக்கக் கூடாது. ஊர் திரும்பியும் ஒரு மாதம் விடக் கூடாது.

அங்கே விமலுக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் நினைவு தப்பி, பிறகு உயிரும் போய்விட்டது. செய்தி போனில் வந்தபோது ஜெபா ஒருவருக்கு வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, "இங்க வலிக்கா?" என்று கேட்டார். அவருக்கு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிய பிறகே நர்ஸ் செல்லக்கனியைக் கூப்பிட்டு, "விமல் போயிட்டாராம்" என்றார். செல்லக்கனிதான் ஓவென்று அழுதாள்.

பெட்டி திருவனந்தபுரம் வழியாக வந்தது. சர்ச் கல்லறையில் அடக்கம் முடிந்தது. அழாத ஜெபாவைப் பார்த்து உறவுக்காரர்கள் பயந்தார்கள். அவர் கிளினிக்கைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். கை நாடி பிடித்தது, வாய் பேசியது. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ செய்வதுபோல அவருக்கு இருந்தது. சாப்பாட்டில் உப்பா புளியா என்றுகூடத் தெரியவில்லை.

பெட்டியோடு ஊர் வந்த வேல்பாண்டி, சில நாள் கழித்து மனைவி மாரிச்செல்வியோடு கிளினிக்குக்கு வந்தான். உட்காராமல் நின்றான்.

"மதினி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அண்ணன் அந்த மாத்திரைய நிப்பாட்டிட்டாரு. படுக்கப் போகையில ஒரு வாய்த் தண்ணியோட போட்டுட்டுப் படுப்பாரு. நெஞ்சு தீயா எரியுதுன்னாரு. பொறவு போடல. மதினிட்ட சொல்லாதலேன்னுட்டாரு."

ஜெபா கேட்டுக்கொண்டார். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகியிருக்கும்; பத்துப் பேருக்காவது அந்தப் புண்ணை அவர் ஆற்றியிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு மாத்திரை மாற்றியிருக்கலாம். இதெல்லாம் புத்திக்குத் தெரிந்தது. நெஞ்சில் மட்டும் எதுவும் அசையவில்லை.

"சரி. நீ போடுதியா?" என்றார்.

வேல்பாண்டி விழித்தான். "ஊருக்குத்தான் வந்தாச்சே மதினி..."

"நேத்தையிலேர்ந்து உடம்பு கொதிக்கு டாக்டரம்மா. அலைச்சல்லதான்னு சொல்லுதாரு" என்றாள் மாரிச்செல்வி.

ஜெபா எழுந்து அவன் நெற்றியில் புறங்கையை வைத்தார். செல்லக்கனியிடம், "இப்பவே ரத்தம் எடு" என்றார். விமலைக் கொன்ற அதே மலேரியா. அன்றைக்கே அவனைக் கிளினிக் வார்டில் சேர்த்து மருந்து ஏற்றினார். காய்ச்சல் அடங்கும்வரை வீட்டுக்குப் போகவில்லை. அவன் கண் தெளிந்து கஞ்சி கேட்டபோது மாரிச்செல்வி ஜெபாவின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். அந்தக் கையை அவளிடமே விட்டுவிட்டு நின்றார் ஜெபா. ஒரு உயிரைக் காப்பாற்றினால் வழக்கமாக உள்ளே எழும் குளுமை அன்று எழவில்லை.

தை பிறந்ததும் வேல்பாண்டி மறுபடி தான்சானியா கிளம்பினான். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி மாரிச்செல்வி கெஞ்சினாள்.

"பிழைப்புக்குப் போறவர நான் எப்படிம்மா நிறுத்த? எரிஞ்சா எனக்குப் போன் போடச் சொல்லு. அது போதும்."

இந்தத் தடவை வேறு வகை மாத்திரை எழுதினார். முதல் மாத்திரையைத் தன் எதிரிலேயே போடச் சொல்லிவிட்டு, சற்று நேரம் அவனை நிமிர்ந்து உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரேன் மதினி" என்று அவன் போனதும் செல்லக்கனி டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தாள். ஜெபா மறுக்காமல் சாப்பிட்டார்.

"குழம்பு எப்படி இருக்கு மேடம்?"

ஜெபா கொஞ்சம் யோசித்தார்.

"சூடா இருக்கு" என்றார்.