காஸியா என்று மட்டும் எழுதிய கடிதம்

பிரபவ வருடம் ஆனி மாதம் பத்தாம் தேதி. அன்று அண்ணன் ஐந்து மணிக்கு எழுந்தார். ஆறரைக்குக் கேழ்வரகுக் கூழ் அரைக் கிண்ணம், ஒன்பதுக்குக் கஷாயம், பிறகு வாசல் வெயிலில் அரை மணி நேரம். இரண்டு மாதமாக மார்ச்சளி அவரை விடவில்லை. மாலை நாலு மணிக்குக் காலமானார்.

அண்ணன் ஒடுகத்தூரில் பிறந்தவர். இளம் வயதில் தகப்பனாரை இழந்து, அம்மாவையும் என்னையும் ஆம்பூருக்கு அழைத்து வந்தார். தோல் ஷாப்பில் பட்டை இடிக்கும் வேலையில் சேர்ந்து, பட்டைக் கிடங்குக்கு மேஸ்திரியானார். ஒருவரையும் கை நீட்டி அடித்ததில்லை. ஒரு கட்டுப் பட்டையையும் பார்க்காமல் உள்ளே விட்டதில்லை.

தோலைப் பதப்படுத்தி மஞ்சள் நிறம் தரும் ஆவாரம்பட்டையை எங்கள் முதலாளியான சாயபு, உருதுவில், தர்வார் என்பார். சித்தூர்ப் பக்கத்து வண்டிக்காரர்கள் தங்கேடு என்பார்கள். ஒருமுறை கிடங்குக்கு வந்த காட்டிலாகா அதிகாரி, எந்தத் தேசத்துக்கு எழுதினாலும் காஸியா ஆரிகுலேட்டா என்றால் புரியும் என்றார். அர்த்தம் கேட்காமல் அண்ணன் அவரை விடவில்லை. இலைக்காம்பின் அடியில் சிறு காதுகள் போல இரண்டு செதில்கள் இருப்பதால், இரண்டாம் சொல்லுக்குக் காதுள்ளது என்று பொருளாம். கொன்றையும் காஸியாதான், அதன் காய் குழல் போல நீண்டிருப்பதால் காஸியா ஃபிஸ்டுலா.

"மொதல் பேரு வம்சத்துக்கு, ரெண்டாவது ஆளுக்கு. ரெண்டையும் எழுதுடா" என்றார் என்னிடம். அதே ஷாப்பில் வெளியூர்க் கடிதங்களை எழுதும் குமாஸ்தா நான்.

சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு கோடையில், மலைப்பட்டை பார்க்க அண்ணன் அமிர்திக் காட்டுக்குப் போயிருந்தார். அப்போது தெலுங்கு நாட்டு வியாபாரி ஒருவருக்கு நான் எழுதிய கடிதத்தில், சுருக்கமாக இருக்கட்டும் என்று, காஸியா பட்டை என்று மட்டும் எழுதினேன். வந்தது கொன்றைப் பட்டை. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அண்ணன் திரும்புவதற்குள் அது இடிபட்டு, தோல் ஊறும் குழிகளில் இறங்கிவிட்டது. தோல்கள் கறுத்து வெளிவந்தன.

"எவன்யா இப்டி எழுதச் சொன்னது?" என்று சாயபு கத்தினார்.

அண்ணன் கடிதத்தின் பிரதியை வாங்கிப் படித்தார். என் கையெழுத்தைப் பார்த்தார். "நான்தான் மொதலாளி. ஊருக்குக் கெளம்பற அவசரத்துல சொல்லிட்டேன்" என்றார். அன்றே அவரை நிறுத்திவிட்டார்கள். எனக்குத் திருமணமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

அதன்பின் நோயில் விழும் வரை அண்ணன் விறகு வண்டி ஓட்டினார். அண்ணியார் குறை சொல்லாமல் குடும்பம் நடத்தினார். உறவில் ஒரு கல்யாணப் பந்தியில் எங்கள் மாமன் மகன், "மேஸ்திரிக்கு ஒரு கறிவேப்பிலையக் காட்டி, இது இன்னா எலைன்னு கேளுங்கப்பா!" என்றார். பந்தி முழுவதும் சிரித்தது. "வேப்பிலைதானே மாப்ள?" என்று அண்ணனும் சிரித்தார். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். திரும்பும் வழியெல்லாம் அண்ணன் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தார்.

ஆனி பத்தாம் தேதி மூன்று மணிக்குத்தான் எனக்குத் துணிவு வந்தது. "அண்ணா, அந்தக் கடுதாசி விஷயத்த மொதலாளிகிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

"இப்ப இன்னாத்துக்குடா? மொதலாளிக்குத் தெரிஞ்சா உனக்குத்தான் பேஜாரு" என்றார். பிறகு, "நம்ம ஜனங்ககிட்டயாவது சொல்லு. எனக்கு ஆவாரை தெரியும்னு சொல்லு" என்றார்.

உறவினர்களே, அண்ணனுக்கு ஆவாரையும் தெரியும், கொன்றையும் தெரியும். பிழை என்னுடையது. அவர் உயிரோடு இருந்தபோதே ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நாள் தவறாமல் கஷாயம் காய்ச்சித் தந்த அண்டை வீட்டாருக்கும், வேலையை விட்டு வந்து பாடை சுமந்த பட்டைக் கிடங்குத் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணன் காலமான மறுநாள் காலை, முதல் காரியமாக, கடிதப் பிரதியை எடுத்துக்கொண்டு சாயபு வீட்டுக்குப் போய், அண்ணன் சொல்லாமல் நானாக எழுதியது என்று சொல்லி நீட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"இன்னாய்யா இது, நேத்து கொண்டு வந்திருந்தா நானே வந்து அவர்கிட்ட பேசியிருப்பேனே" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் எங்கள் வீட்டை நோக்கி நடந்தார்.