ஊட்டுக்கு ஒரு பேர்

நான் வேலை பார்த்த கல்லூரி காவல் நிர்வாகம் என்று புதிதாக ஒரு பட்டப்படிப்பு தொடங்க நினைத்தது. மில்லும் அணையும் பெருகுகின்றன, காவலை நடத்தப் படித்த ஆள் வேண்டும் என்பது முதல்வரின் எண்ணம். சேர ஆள் உண்டா என்று கேட்டு எழுதிவர என்னையும் இன்னொரு டியூட்டரையும் கொல்லிமலைக்கு அனுப்பினார். படிப்பு வந்தால் எங்களில் ஒருவருக்கு விரிவுரையாளர் பதவி.

நான் மலையின் ஒரு பகுதியான திருப்புலி நாட்டில் நாலு நாள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். கிடைத்தது மூன்று பேர். அதில் ஒருவன் பி.யூ.சி. தேறிவிட்டுச் சாமை பயிரிட்டு வந்தவன். படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான்.

ஆலத்தூர் நாட்டுக்குப் போன மற்ற டியூட்டர் இரண்டே நாளில் நாற்பத்திரண்டு பேரின் பட்டியலோடு திரும்பிவிட்டான். சட்டைகூடக் கசங்கவில்லை. முதல்வர் அவனுக்குக் காபி வரவழைத்தார். எனக்கு வயிறு எரிந்தது. அவன் சிரிப்பதைப் பார்த்தாலே சோறு இறங்கவில்லை.

யாரும் சொல்லாமலே அவன் பட்டியலைச் சோதிக்க மலையேறினேன். அங்கே ஊர்க்கவுண்டர் எதையும் ஒளிக்கவில்லை.

"ஊட்டுக்கு ஒரு பேருங்க. கோயில் நோம்பிக்கானாலும் பாதை வெட்டறதுக்கானாலும் நாங்க அப்படித்தானுங்க குடுக்கறது. கேட்டு வந்தவர வெறுங்கையா அனுப்பலாமுங்களா?"

பட்டியலில் முதல் பெயர் அவருடையது. எழுபது வயதிருக்கும். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். மலையிறங்கும்போது எனக்குப் பாட்டே வந்துவிட்டது.

அவனை வைத்துக்கொண்டே முதல்வரிடம் சொன்னேன். அவன் முகம் கறுத்ததை ஆசைதீரப் பார்த்தேன். முதல்வர் இரண்டு பட்டியலையும் சேர்த்து மடித்தார். உன் மூன்று பேரை வைத்துக்கொண்டு படிப்பு நடத்த முடியுமா என்று கேட்டார். எல்லாம் அத்தோடு நின்றது. எனக்குப் பதவி இல்லை என்பதைவிட அவனுக்கும் இல்லை என்பதே அன்று பெரிதாக இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து, பேளுக்குறிச்சிச் சந்தையில் அந்தச் சாமைக்காரன் என்னைக் கண்டு ஓடி வந்தான். கையில் புதுத் தகரப்பெட்டி.

"ஏனுங்க சார், காலேசு எப்பங்க தொறக்கறாங்க? நான் இந்த வருசம் வெதைக்கலீங்க. காட்டைத் தம்பிகிட்ட உட்டுட்டு வந்துட்டனுங்க."

படிப்பு வராது என்றேன். ஆலத்தூர் நாட்டுக்குப் போன ஆள் காரியத்தைக் கெடுத்துவிட்டான் என்றும் சொன்னேன்.

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். "அவரு ஏனுங்க அப்படிச் செஞ்சாரு?"

பொறாமை என்றேன்.