மூன்று வீட்டுக்கு ஒரு வயர்

அரியமங்கலத்தில் எங்கள் சந்துக்குக் குறுக்கே, மாடி உயரத்தில் ஒரு இரும்புப் பைப் போகிறது. புதிதாக வருகிறவர்கள் தண்ணீர் பைப் என்று நினைப்பார்கள். அதற்குள் ஒருநாளும் தண்ணீர் போனதில்லை. நான் ஆறாவது படிக்கும்போது சித்தப்பா போட்டது அது.

கீழ் வீடு எங்களுடையது. மாடியில் சித்தப்பா. சந்துக்கு எதிர்ப்பக்கம் அத்தை வீடு. அத்தை அப்பாவுக்கு அக்கா. மாமாவுக்கு ரயில்வேயில் வேலை, பாதி நாள் லைனில் இருப்பார். அத்தை வீட்டிலிருந்தபடியே தமிழ் டைப் செய்து கொடுப்பார். கல்யாணப் பத்திரிகை, மனு, காலேஜ் ஆய்வேடு, எது வந்தாலும் செய்வார்.

மூன்று வீட்டிலும் கம்ப்யூட்டர் இருந்தது. வசதியான குடும்பம் என்று நினைக்க வேண்டாம். அத்தையுடையது தொழிலுக்கு வாங்கியது. சித்தப்பாவுடையது தவணையில் வந்தது. எங்களுடையது ஏதோ ஒரு ஆபீசில் கழித்துப் போட்ட இரண்டைப் பிரித்து ஒன்றாக ஆக்கியது. அதற்குப் பக்கவாட்டு மூடி கிடையாது. உள்ளே ஃபேன் சுற்றுவது தெரியும். நான் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன்.

நெட் கனெக்‌ஷன் சித்தப்பா வீட்டில் இருந்தது. பிரின்டர் அத்தை வீட்டில் இருந்தது. எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை. மூன்றையும் இணைத்துவிட்டால் எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கும் என்று சித்தப்பா சொன்னார். அவருக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டில் வெல்டர் வேலை. வைஃபை டப்பா கடையில் இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு வந்தார். வந்து, அது சுவரைத் தாண்டாது என்று சொன்னார்.

"வயர்னா கண்ணால பாக்கலாம். எங்க போகுது, எங்க வருதுன்னு தெரியும். காத்துல வர்றத யாரு நம்புறது?" என்றார்.

எங்கோ ஒரு ஆபீஸைப் பிரித்தபோது கழற்றிய வயர் ஒரு சுருள் வந்தது. எட்டு ஓட்டை உள்ள ஒரு டப்பாவும் வந்தது. வயரெல்லாம் வந்து சேருகிற ஹப் என்றார். எட்டில் மூன்று ஓட்டை வேலை செய்யாது. நமக்கு மூன்றுதானே வேண்டும் என்றார். வயர் முனையில் மாட்டுகிற ஜாக் பத்து புதிதாக வாங்கினார். ஜாக்கை அழுத்துகிற கருவியைக் கேபிள் டிவிக்காரரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இரவல் வாங்கினார்.

மற்றவர்களாக இருந்தால் வயரைச் சந்துக்கு மேல் இழுத்துக் கட்டியிருப்பார்கள். சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. வயர் தொங்கினால் அசிங்கம் என்றார். ஷெட்டில் மிச்சமான பைப் துண்டு இரண்டு கொண்டுவந்தார். வயரை இரண்டுக்குள்ளும் கோத்தார். ஒரு துண்டு சந்தைத் தாண்டப் போதவில்லை. அதனால் இரண்டையும் சேர்த்து வெல்டு வைத்தார்.

அருமையான வெல்டு. தடவிப் பார்த்தால் ஒட்டு இருப்பதே தெரியாது. கொஞ்ச நேரத்தில் இரண்டு முனையிலிருந்தும் புகை வந்தது. பைப் சேர்ந்தது, வயர் போனது.

அத்தை எதிர் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, உள்ள வயர் இருக்குன்னு உனக்கு ஞாபகம் இல்லையா?"

"வெல்டிங் மெஷினப் பிடிச்சா வேற ஞாபகம் வராதுக்கா."

கருகினதை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சச் சுருளை மறுபடி கோத்தார். இந்த முறை கட்டுக்கம்பியை முதலில் விட்டு, அதன் முனையில் வயரைக் கட்டினார். அத்தை வீட்டு மாடியில் நின்று கம்பியை இழுத்தது நான். கீழே போன ஒருவர் அண்ணாந்து பார்த்தார்.

"என்னப்பா, தண்ணி லைனா?"

"இல்லண்ணே. நெட்டு."

"பைப்புலயா வருது?"

"எல்லாம் ஏதாவது ஒண்ணுல வரணும்ல," என்றார் சித்தப்பா.

வயரை உரித்தால் உள்ளே எட்டு மெல்லிய கம்பி. எட்டும் எட்டு நிறம். இரண்டு முனையிலும் ஒரே வரிசையில் வைத்து ஜாக்குக்குள் விட வேண்டும். சித்தப்பாவுக்கு வெல்டிங் பார்த்துப் பார்த்துக் கண் மங்கல். வெளிர் பச்சைக்கும் வெளிர் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் நிறம் பிரித்தது நான். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம். நான் சொல்ல அவர் அழுத்துவார். நாலு ஜாக் வீணானது. இரண்டு என்னால், இரண்டு அவரால். அழுத்தியது அழுத்தியதுதான், பிரிக்க முடியாது. மிச்சம் ஆறு. மூன்று வயருக்கு ஆறு முனை. ஆறும் சரியாக வந்தன.

ஹப்பில் மூன்று பச்சை விளக்கு துடித்தது. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து மாடிக்கு ஏறினார். விளக்கைப் பார்க்கவில்லை. பைப்பைப் பார்த்தார். "வெல்டு நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு இடத்தைத் திறந்தால் மூன்று வீடும் வரிசையாகத் தெரியும். எது எதற்கு அனுமதி என்று சித்தப்பா தனித்தனியாகப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவிட்டார். சொந்தக்காரங்களுக்குள்ள பூட்டு எதுக்கு என்றார். அத்தை வீட்டைத் தொட்டால் அத்தையின் பத்திரிகை எல்லாம் வரும். முகூர்த்த நாள், மாப்பிள்ளை பெயர், ஓரத்தில் வாழைமரம். யார் யாருக்கோ கல்யாணம். உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் படித்தேன்.

அது எப்படி வருகிறது என்று யோசித்தேன். மாடிக்குப் போய்ப் பைப்பில் காது வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது, அவ்வளவுதான். சித்தப்பாவிடம் கேட்டேன். அத்தை வீட்டில் இருப்பது இங்கே தெரிகிறதே, அப்போது அது அங்கே இருக்கிறதா, இங்கே இருக்கிறதா?

சித்தப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"டிவி மாதிரிதான் பாப்பா. ஒரே படம் மூணு வீட்லயும் ஓடலையா? அங்கயும் இருக்கும், இங்கயும் இருக்கும்."

எனக்குப் புரிந்துவிட்டது. நம் வீட்டு டிவியை அணைத்தால் அடுத்த வீட்டில் படம் நிற்காது.

அந்தச் சமயம் அத்தையிடம் ஒரு பெரிய வேலை இருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு டீச்சர் ஆய்வேடு கொடுத்திருந்தார். காவிரிப் படித்துறைகளைப் பற்றியது. கையால் எழுதிய மூன்று நோட்டு. டைப் செய்தால் நூற்று நாற்பது பக்கம். காலாண்டு லீவில் வரும் வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் அந்த டீச்சருக்கு இன்னும் ஆறு மாதம் போய்விடும். அத்தை வாக்குக் கொடுத்திருந்தார். முந்தைய வாரமே அநேகமாக முடித்துவிட்டார். தினமும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. வயர் வந்தபிறகு பென் டிரைவ் எதற்கு என்று சொல்லி சித்தப்பா அதை வாங்கிப் பாட்டு ஏற்றிக்கொண்டார்.

காலாண்டு லீவு விட்ட அன்று, கூடப் படிக்கிற பெண் ஒரு சிடி கொடுத்தாள். கார் ஓட்டுகிற விளையாட்டு. போட்டேன். இடம் போதவில்லை என்று வந்தது. எங்கள் கம்ப்யூட்டரில் அழிக்க ஒன்றும் இல்லை. அப்போதுதான் தோன்றியது. அத்தை வீட்டுச் சாமான் எல்லாம் வயர் வழியாக வந்து நம் வீட்டு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அங்கேதான் இருக்கிறதே, இங்கே எதற்கு?

இருந்ததில் பெரிய ஃபோல்டர் படித்துறை. நிறைய போட்டோ சேர்த்திருந்தார்கள். அதைத் தேர்ந்தெடுத்து அழிக்கச் சொன்னேன். நிச்சயமாகவா என்று இங்கிலீஷில் கேட்டது. யெஸ் அமுக்கினேன். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. இடம் கூடவில்லை. விளையாட்டு அப்போதும் ஏறவில்லை. அப்போதே யோசித்திருக்கலாம்.

மறுநாள் சனிக்கிழமை காலை அத்தை தன் வீட்டு மாடிக்கு வந்து சித்தப்பாவைக் கூப்பிட்டார். குரல் உயரவில்லை. அதனாலேயே எல்லாரும் அத்தை வீட்டுக்குப் போனோம்.

"என்னடா ஆச்சு? ஃபோல்டரே இல்ல."

சித்தப்பா தேடினார். அழித்தால் போய்க் கிடக்கிற குப்பைத் தொட்டியிலும் பார்த்தார். காலி.

"வைரஸா இருக்கும்க்கா."

"உன் பைப்புக்குள்ள வைரஸ் வேற வளக்குறியா?"

நான் வாசலில் நின்றேன். வீட்டுக்கு ஓடிப்போய் எங்கள் கம்ப்யூட்டரில் பார்த்தேன். அங்கேயும் இல்லை. அங்கே இருப்பதுதான் இங்கே தெரிந்தது, இங்கே தனியாக ஒன்று இருந்ததே இல்லை என்று அப்போது விளங்கியது. டிவி மாதிரி இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பிப் போனபோது அத்தை கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு போன் போட்டிருந்தார். போனைச் சத்தமாக வைத்திருந்தார்.

"உங்க மெஷின்ல அழிச்சிருந்தா தொட்டியில நிக்கும்மா. வேற மெஷின்லேர்ந்து வயர் வழியா அழிச்சா நிக்காது. அப்படியே போயிடும். எடுத்துட்டு வாங்க, பாக்கலாம். அழிஞ்சது திரும்ப வர்றதுக்குப் பத்து நாள் ஆகும். வரும்னு சொல்ல முடியாது."

"சரிங்க," என்று வைத்துவிட்டார். எழுந்து போய் வயரைப் பிடுங்கினார். மூன்று நோட்டையும் மேசையில் அடுக்கினார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டார்.

"ஏம்மா, லீவுதானே. பாப்பாவ வியாழக்கிழமை வரைக்கும் அனுப்பி வை. படிச்சுச் சொல்ல ஆள் வேணும்."

"கூட்டிட்டுப் போங்க அண்ணி. இங்க இருந்தா அந்தப் பொட்டி முன்னாடியேதான் கெடப்பா."

ஆறு நாள். காலையில் போவேன், விளக்கு வைக்கும்போது வருவேன். நான் வாசிப்பேன், அத்தை டைப் அடிப்பார். கீயைப் பார்க்க மாட்டார், சுவரைப் பார்ப்பார். கீயில் எழுத்தெல்லாம் தேய்ந்து வெறும் கட்டையாக இருக்கும். ஆரம்பத்தில் தடுமாறினேன். டீச்சரின் கையெழுத்து அழகு, ஆனால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எந்தப் படித்துறையில் எத்தனை படி, எந்தப் படி வரை வெள்ளம் வந்தது, யார் எங்கே குளித்தார்கள் என்று வந்துகொண்டே இருந்தது. நாலாவது நாள் எனக்கே அடுத்து என்ன என்று தெரிந்துகொள்ள ஆசையாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை அந்த டீச்சர் வந்தார். அன்று பாதிதான் தாண்டியிருந்தோம்.

"எவ்ளோ ஆயிருக்கு? வெள்ளிக்கிழமை குடுத்தாகணுமோன்னோ. ஒருதரம் பாத்துடட்டுமா?"

"பாதியில பாத்தா நீங்க திருத்த ஆரம்பிச்சிடுவீங்க டீச்சர். வியாழக்கிழமை சாயங்காலம் வாங்க. மொத்தமா பாருங்க."

டீச்சர் சிரித்துக்கொண்டே போனார். அத்தை மோர் எடுத்துக் குடித்தார். விரல் மடங்காமல் டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அத்தை, நான்..."

"அடுத்த வரி," என்றார்.

நான் அடுத்த வரியை வாசித்தேன்.

வியாழக்கிழமை மதியம் முடிந்தது. போட்டோக்களை டீச்சரிடமே மறுபடி கேட்டு வாங்கியிருந்தார், தெளிவாக வரவில்லை என்று காரணம் சொல்லி. சாயங்காலம் டீச்சர் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். நூற்று நாற்பது பக்கத்தில் மூன்று இடம் திருத்தச் சொன்னார். மூன்றும் நான் தப்பாக வாசித்தது. திருத்தி எடுத்துக் கொடுத்ததும் தாளைப் பையில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அத்தை நாற்காலியில் சாய்ந்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார்.

நான் கிளம்பினேன். அம்மா என்னைக் கூப்பிட வந்து வாசலில் நின்றிருந்தார்.

"நாளைக்கு உன் சித்தப்பாவ வரச்சொல்லு, வயர மாட்டணும்," என்றார் அத்தை. "இனிமே நான் அடிக்கிறது எல்லாம் சாயங்காலம் உங்க வீட்டுக்கும் ஒரு பிரதி வரும். முழுசா வந்துச்சான்னு தெனம் பாத்துச் சொல்றது உன் பொறுப்பு."

அம்மா பதறினார்.

"இவகிட்டயா அண்ணி? சின்னப் பொண்ணு. எதையாச்சும் அமுக்கித் தொலைச்சிடப் போறா."

"அமுக்க மாட்டா."

அந்த ஆறு நாளில் அத்தை என்ன ஆச்சு என்று கேட்டார், எப்படி ஆச்சு என்று கேட்டார். யார் என்று மட்டும் ஒருவரிடமும் கேட்கவில்லை. பாவம், அத்தைக்குக் கம்ப்யூட்டர் விவரம் போதாது, அதனால்தான் என்னை நம்புகிறார் என்று நினைத்துக்கொண்டு, அம்மாவோடு சந்தைத் தாண்டி வீட்டுக்குப் போனேன்.