என் அண்ணன் பிடித்த கயிறு

கூடப் பிறந்த அண்ணன்மேல் பொறாமைப்பட்டவளை ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். சொல்லிக்கொள்ளட்டும். சொத்துக்காகப் பட்டிருந்தால் நாலு பேர் நியாயம் என்றிருப்பார்கள். நான் பட்டது என் புருஷனுக்காக.

என் வீட்டுக்காரர் தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர். முத்துக்குளிப்பு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது, சங்குதான் எங்களுக்குச் சோறு போட்டது. குளிக்கிறவன் ஒரு கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவான். மறுமுனை வள்ளத்தில் இருக்கிறவன் கையில். கீழே இருக்கிறவன் உயிர் மேலே இருக்கிறவன் கையில்தான். அதனால் எங்கள் கடற்கரையில் அந்தக் கயிற்றைப் பெண்டாட்டியோடு பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள். தன் தங்கச்சி தாலியை அறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான்?

என் அண்ணனும் அவரும் கல்யாணத்துக்கு முன்பே கூட்டாளிகள். பிறத்தியான் கயிறு பிடிக்கிறான் என்று ஊர் முணுமுணுத்தது. உடனே அண்ணன் என்னைக் கட்டிக்கொடுத்து மச்சான் ஆகிவிட்டான். அப்படியென்றால் அவர் யாரைக் கட்டிக்கொண்டார்? ஏழு வருஷம் இதை மென்றுகொண்டே இருந்தேன். கரைக்கு வந்தபிறகும் அவர்கள் இருவரும் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். பேச்சே இருக்காது, ஆனால் எல்லாம் பேசி முடித்தமாதிரி எழுந்து போவார்கள். என்னோடு என்றால், 'குழம்புல உப்பு கூட' என்பார். அவ்வளவுதான் எனக்கு வாய்த்த கொஞ்சல்.

அது உலகச் சண்டை நடந்த காலம். சங்குப் பருவம் முடிந்ததும் துறைமுகத்தில் பொதி ஏற்றும் வேலைக்குப் போனார். பஞ்சுப்பொதியைத் தூக்கிய கப்பியின் இரும்புக் கொக்கி கழன்று அவர் தலையில் விழுந்தது. பத்து நாள் கண்மூடிக் கிடந்தார். பதினோராம் நாள் கண் திறந்தது. நான் ஓடிப்போய் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால், கண் திறந்திருந்ததே தவிர அது எதையும் பார்க்கவில்லை. நான் முகத்துக்கு நேரே குனிந்தேன். என்னைத் தாண்டி உத்தரத்தில் நின்றது அந்தப் பார்வை.

ஆஸ்பத்திரி டாக்டர் பட்டாளத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர். தலையில் அடிபட்ட பலபேரைப் பார்த்திருப்பார் போல. கண்ணில் விளக்கடித்தார், உள்ளங்காலில் ஊசியால் கீறினார், புருவ எலும்பை அழுத்தினார். காது அருகே கை தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, 'கண்ணு திறந்திருக்கறதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. இவர் தூங்குவார், முழிப்பார், கொட்டாவி விடுவார். உள்ளே ஆள் இருக்கா இல்லையாங்கறதுதான் கேள்வி' என்றார்.

திங்கட்கிழமை வரை தவணை கொடுத்தார். அதற்குள் இவருக்கு நினைவு இருக்கிறது என்று ஒரு அடையாளம் கிடைத்தால் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்ப்பார், மூக்குக்குழாய் வழியே கஞ்சி போகும். இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். குழாய் இல்லாத வீட்டில் விழுங்கத் தெரியாத மனுஷன் எத்தனை நாள் கிடப்பார்? அதை டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் காதில் கத்தினேன். காலைத் தேய்த்தேன். அவருக்குப் பிடித்த கருவாட்டைச் சுட்டு மூக்கருகே காட்டினேன். நர்ஸ் வந்து திட்டிவிட்டுப் போனாள். ஒரு விரல் அசையவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணன் வந்தான். நாலு முழக் கயிறு வைத்திருந்தான். அவர் கைக்குள் ஒரு முனையைத் திணித்து, மறுமுனையைப் பிடித்து மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தான். கடலில் மேலே இருக்கிறவன் 'சுகந்தானா' என்று கேட்கிற இழுப்பு அது. கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு இழுப்பு வந்தது.

'சுகம்ங்கான்' என்றான் அண்ணன். தரையில் உட்கார்ந்து அழுதான்.

நானும் அழுதிருக்க வேண்டும். மாதாவே, எனக்கு வயிறுதான் எரிந்தது. பதினாலு நாளாகத் தொண்டை வற்றக் கூப்பிட்டவளுக்கு ஒரு இமை அசைப்பு இல்லை. இவன் வந்து கயிற்றை ஆட்டியதும் சுகமாம்!

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் துள்ளிக் குதிக்கவில்லை. 'பிறந்த குழந்தை கையில எதை வச்சாலும் பிடிச்சுக்கும். கை தானாச் செய்யறது வேற, ஆள் நினைச்சுச் செய்யறது வேற. ஒண்ணு கேட்டா ஒண்ணு, ரெண்டு கேட்டா ரெண்டு வருதான்னு பார்க்கணும். திங்கட்கிழமை காலையில உங்க அண்ணன் வரட்டும்' என்றார்.

அண்ணன் அப்போது பக்கத்தில் இல்லை. நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை என்று சொன்னேன்.

தன் மூக்கை அறுத்து எதிரிக்குச் சகுனத்தடை செய்தவள் கதைதான். ஆனால் அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. கயிறு கயிறுதானே, யார் பிடித்தால் என்ன? டாக்டர் முன்னால் அவர் எனக்குப் பதில் சொல்ல வேண்டும், அதை நான் என் அண்ணனிடம் போய்ச் சொல்ல வேண்டும். இதுதான் என் ஆசை.

திங்கட்கிழமை டாக்டர், 'அண்ணன் எங்கேம்மா?' என்றார்.

'கடலுக்குப் போயிட்டான் ஐயா. எனக்கும் தெரியும்' என்று கயிற்றை எடுத்தேன். அண்ணன் இழுத்தமாதிரியே ஒரு இழுப்பு இழுத்தேன்.

பதில் வந்தது. இரண்டு இல்லை. குட்டிக் குட்டியாக, விடாமல், வெடுக் வெடுக்கென்று வந்துகொண்டே இருந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அண்ணனுக்கு இரண்டே இரண்டு, எனக்கு இத்தனையா!

டாக்டர் அவர் காதருகே குனிந்து, 'ஒரு தடவை இழுங்க' என்றார். வெடுக் வெடுக். 'ரெண்டு தடவை.' அதே வெடுக் வெடுக். 'இழுக்காதீங்க.' நிற்கவில்லை. அவர் நிமிர்ந்தார். 'கேக்கறதுக்கும் இழுக்கறதுக்கும் சம்பந்தமே இல்லைம்மா. கை தானாத் துடிக்குது. நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று தாளில் எழுதினார்.

சாயங்காலம் அண்ணன் எதேச்சையாக வந்தான். மறைக்க முடியவில்லை. திட்டவும் அவனுக்கு நேரமில்லை. 'எப்படி இழுத்தான்? காட்டுளா' என்றான். அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். அவன் கையைப் பிடுங்கிக்கொண்டான்.

'ஏளா, அது தூக்குன்னு சொல்லுதது. மூச்சு முட்டுது, உடனே தூக்குன்னு.'

'எதுக்கு? நான் சும்மாத்தானே பிடிச்சிருந்தேன்.'

கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னான். 'கயித்துல கை மாறினா கீழ இருக்கவனுக்குத் தெரியும்ளா. வேத்தாளு பிடிச்சிருக்கான்னு பயந்திருக்கான்.'

வேற்றாள். ஏழு வருஷம் பக்கத்தில் படுத்தவள், வேற்றாள். அந்த இடத்திலேயே அவரையும் அண்ணனையும் கயிற்றையும் சேர்த்து உப்புக்கடலில் தள்ளிவிடலாம் என்றிருந்தது. ஆனால் மறுநாள் அவரை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். நான் செய்ததைச் சொல்லாமல் டாக்டர் அந்தத் தாளைக் கிழிக்க மாட்டார். அன்று ராத்திரியே டாக்டர் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனுக்குக் கிழமை மாற்றிச் சொன்னது, என் கை என் புருஷனுக்கு அந்நியமாகப் பட்டது, ஒன்றும் விடவில்லை. டாக்டர் முகத்தைச் சுளிக்கவில்லை. 'கை மாறினது அவருக்குத் தெரியுமா?' என்று அதையே இரண்டுதரம் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் கட்டிலுக்கும் எங்களுக்கும் நடுவே துணி மறைப்பை வைத்தார். யாரும் பேசக்கூடாது. கயிறு மட்டும் மறைப்புக்கு அடியில் வந்தது. டாக்டர் விரல் காட்டுகிற ஆள் இழுக்க வேண்டும். அண்ணன் இழுத்தான்: நிதானமாக இரண்டு. நர்ஸ் இழுத்தாள்: வெடுக் வெடுக். நான் இழுத்தேன்: அதே வெடுக் வெடுக். மறுபடி அண்ணன்: இரண்டு. வரிசையை மாற்றினார். நர்ஸுக்கும் எனக்கும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

'தானாத் துடிக்கிற கைக்கு ஆள் தெரியாது. இவருக்குத் தெரியுது. உள்ளே இருக்கார்மா. கட்டில் இவருக்குத்தான்' என்றார் டாக்டர். பழைய தாளைக் கிழித்தார். எனக்குக் கண்ணீர் கொட்டியது. சந்தோஷம் என்று நினைத்து நர்ஸ் என் தோளைத் தட்டினாள். பாதி சந்தோஷம்தான். மீதியை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

டாக்டர் புதுத் தாளை எடுத்தார். 'அம்மா, கடைசியா ஒரே ஒரு தடவை நீங்க பிடிங்க. எத்தனை இழுப்புன்னு எண்ணி எழுதிக்கணும்.'

பிடித்தேன். மறைப்புக்கு அந்தப் பக்கம் என் புருஷன், இந்த ஆளிடமிருந்து என்னைத் தூக்கு, தூக்கு என்று என் அண்ணனைக் கெஞ்சினார். அண்ணனால் பொறுக்க முடியவில்லை. கயிற்றுக்குக் கை நீட்டி, 'விடுளா' என்றான்.

'விட மாட்டேன். ஐயா எழுதி முடிக்கட்டும்' என்றேன்.